அறுபதாம் நம்பர் நட்சத்திரம்

"கையைக் காட்டுங்க" என்று கதவை மறித்து நிற்கிறார் நூலக்கா. காட்டித்தான் ஆக வேண்டும். முதலில் உள்ளங்கை, அப்புறம் புறங்கை, கடைசியில் கட்டை விரல்கள் இரண்டையும் தனியாக, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி. தபால்காரர், மின்விசிறிக்கு எண்ணெய் போட வருகிறவர், கடல் தாண்டி வந்த விஞ்ஞானி, எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். பன்னைத் தின்றுவிட்டுக் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறவர்களை அவர் நடையை வைத்தே பிடித்துவிடுவார். "வெண்ணெய் மினுங்குது. குழாய் அந்தப் பக்கம்" என்பார். கழுவிக்கொண்டு வந்தால் உள்ளே விடுவார், இல்லாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

இவ்வளவு கெடுபிடிக்கும் காரணம் உண்டு. அந்த அறையில் பதினோராயிரம் கண்ணாடித் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரல் நீளம், இரண்டு விரல் அகலம். ஒவ்வொன்றிலும் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. மினுக் மினுக்கென்று ஒரு புள்ளியை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். ஊருக்கு வெளியே மலைமேல் இருக்கிற தொலைநோக்கி, நட்சத்திரத்தின் ஒளியை வானவில் போலப் பிரித்து, புகைப்பட நெகட்டிவ் போலக் கருத்த நாடாவாகக் கண்ணாடியில் பதித்து அனுப்புகிறது. அந்த நாடாவின் குறுக்கே வெளுத்த கோடுகள் ஓடும். கோடு எங்கே இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று அளந்து படிவத்தில் எழுதுவது நூலக்காவின் வேலை. ஐந்து வருஷமாக அதைத்தான் செய்கிறார்.

அதற்கு முன் இருபது வருஷம் நாத்தனாரோடு சேர்ந்து தையல் கடை வைத்திருந்தார். பள்ளிச் சீருடை, தலையணை உறை, கிழிந்த பைக்கு ஒட்டு, எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வானாய்வு அலுவலகத்தில் கருவிகளுக்குத் தூசி படாமல் உறை தைக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனார். உறைக்கு அளவெடுக்க வந்த இடத்தில், அளவைக் கருவியின் கண்வில்லையில் சும்மா ஒரு பார்வை பார்த்தார். "இது நாற்பதாம் நம்பர் நூல், பக்கத்துல இருக்கிறது இருபது" என்றார். பக்கத்தில் இருந்த ஆய்வாளர் விளையாட்டாக அளந்து பார்த்தார். அந்த இரண்டு நூலுக்கும் தடிமனில் என்ன வித்தியாசமோ, அதே வித்தியாசம் இரண்டு கோட்டுக்கும், மயிரிழை பிசகவில்லை. உறை தைக்க வந்தவரை அன்றைக்கே அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். பெயரும் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது.

அவர் வேலை பார்க்கிற விதமே தனி. புதிதாக வருகிறவர்கள் ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு கண்வில்லையில் பார்ப்பார்கள். நூலக்கா இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பார். ஒரு கண் நட்சத்திரத்தில் இருக்கும், இன்னொரு கண் மேசைமேல் கிடக்கிற ஓர் அட்டையில் இருக்கும். அந்த அட்டையில் பத்து, இருபது, நாற்பது, அறுபது, எண்பது என்று ஐந்து நூல்களை வரிசையாகச் சுற்றி வைத்திருக்கிறார். நம்பர் ஏற ஏற நூல் மெலிந்துகொண்டே போகும். எந்த நூலோடு கோடு ஒத்துப்போகிறதோ அதை மனத்தில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கருவியின் திருகைத் திருப்பி அளவெடுப்பார். "திருகு பொய் சொல்லாது, ஆனா திருப்புற கை தூங்கும். கண்ணு முதல்ல சொல்லட்டும்" என்பார்.

இதெல்லாம் எதற்கு என்று அவருக்குப் புரிய வைத்தவர் டாக்டரம்மா. அவர் நட்சத்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய ஆய்வாளர். நூலக்கா விடுவாரா? முதல் மாதம் முழுக்க அவரிடம் முட்டிவலிக்கு மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். நாலைந்து தடவை விளக்கியும் பயனில்லாமல், டாக்டரம்மா கடைசியில் ஒரு தைலத்தின் பெயரைச் சொல்லிவிட்டார். வலி போய்விட்டது. அதிலிருந்து இருவரும் ஒட்டோ ஒட்டு.

"ஒரே சூடு உள்ள ரெண்டு நட்சத்திரம் இருக்குன்னு வைங்கக்கா" என்று டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தார். "ரெண்டும் நீல வெள்ளையா கொதிக்குது. ஒண்ணு சாதாரணம், அதுல வாயு நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்கும். இன்னொண்ணு மீப்பெரு நட்சத்திரம், ஊதிப் பெருத்துப் போயிருக்கும். அதோட மேல்பரப்புல வாயு ரொம்ப லேசு. நெரிசல்ல கோடு அகலமாகிடும். இடம் தாராளமா இருந்தா கோடு மெல்லிசா விழும்."

நூலக்கா அதைத் தன் பாஷைக்கு மாற்றினார். "கூட்டமான பஸ்ல போனா சட்டை கசங்கும், காலி பஸ்ல போனா போட்ட மடிப்பு அப்படியே இருக்கும். அதானே?"

அதேதான். இதைவிடத் தெளிவாக டாக்டரம்மாவின் பேராசிரியர்கூடச் சொன்னதில்லையாம்.

படிவத்தில் அளவுகளுக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. கட்டை விரலை வைத்தால் மறைந்துவிடும். மற்ற அளவாளர்கள் அதைக் காலியாக விடுவார்கள். நூலக்கா விடமாட்டார். 'ஓரம் பிசிறடித்திருக்கிறது.' 'இரண்டு கோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்துப் பார்க்கவும்.' 'போன மாதம் இதே ஆள் கொஞ்சம் தடிமனாக இருந்தார்.' இப்படி எழுதித் தள்ளுவார். நாளெல்லாம் எண்களை எழுதுகிற மனுஷிக்கு, தான் கண்டதைத் தன் வாயால் சொல்ல இருந்த ஒரே இடம் அந்தக் கட்டம்தான். அதில் எழுதும்போது மட்டும் பேனாவை ஒருமுறை உதறிக்கொள்வார்.

அங்கேதான் வினை வந்தது, நானூற்றுப் பதினேழாம் தட்டின் வடிவத்தில்.

அந்தத் தட்டை நூலக்காவுக்கு வேலைக்கு வந்த முதல் வருஷமே தெரியும். தூசி தட்டும்போது கண்ணில் பட்டது. மூலையில் பழைய கட்டை விரல் ரேகை ஒன்று கண்ணாடிமேல் பூசிய ஒளிப்படப் பசையில் பதிந்து இறுகிப்போயிருந்தது, எதைப் போட்டாலும் போகாது. ரேகையின் நடுவே சாய்வாக ஒரு வெட்டுத் தழும்பு. நட்சத்திரத்தின் மேல் கையை வைத்த அந்தப் புண்ணியவான் யார் என்று அன்றைக்கே அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையைக் காட்டச் சொல்லும் வழக்கம் தொடங்கியதே அதற்கு மறுநாள்தான். கட்டை விரலை மட்டும் ஏன் தனியாகப் பார்க்கிறார் என்று இப்போது தெரிந்திருக்கும். ஐந்து வருஷத்தில் எத்தனையோ கட்டை விரல் பார்த்தாயிற்று, தழும்பு மட்டும் அகப்படவில்லை.

அந்தத் தட்டு அளவெடுக்கும் முறைக்கு வந்தது இந்த வருஷம். அது இருந்தது இடது பக்க அலமாரியில், சூடான சாதாரண நட்சத்திரங்களின் கூட்டத்தில். அங்கே இருக்கிற கோடுகள் எல்லாம் இருபது, முப்பது என்று தடித்தவை. நூலக்கா கண்வில்லையில் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். பிறகு பேனாவை உதறி, கட்டத்தில் எழுதினார்: 'அறுபதாம் நம்பர். பெட்டி மாறிக் கிடக்கிறது.'

மறுநாள் துறைத்தலைவர் அந்தப் படிவத்தோடு வந்தார். தலைவர் நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். இரண்டு கையையும் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டு விறுவிறுவென்று நடப்பார். கதவருகே நூலக்கா கையைக் கேட்டால் "நேரமில்லம்மா" என்று பக்கவாட்டில் நுழைந்து போய்விடுவார். அவர் ஒருத்தரைத்தான் நூலக்காவால் நிறுத்த முடிந்ததில்லை.

"என்னம்மா இது?"

"எழுதினதுதான் சார். அது சாதாரணம் இல்ல. வலது அலமாரிக்குப் போக வேண்டியது."

வலது அலமாரி மீப்பெரு நட்சத்திரங்களுக்கானது. அதில் மொத்தமே பத்தொன்பது தட்டுகள். ஒரு தட்டு அங்கே போவதென்றால் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும்.

"இது வானாய்வு அலுவலகம்மா, தையல் கடை இல்ல. தட்டுல கூர்மை கூடிப்போனா கோடு மெலிசாத்தான் தெரியும். இருபத்தாறு வருஷமா அந்தப் பெட்டியில இருக்கு."

"கூர்மை கூடிப்போச்சுன்னா விளக்குக் கோடும் மெலிஞ்சிருக்கணுமே சார்?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நட்சத்திர நாடாவுக்கு மேலேயும் கீழேயும், அளவுக்காக, ஒரு விளக்கின் கோடுகளையும் சேர்த்துப் பதித்திருப்பார்கள். தட்டில் கோளாறு இருந்தால் அது நட்சத்திரத்தோடு நிற்காது, விளக்குக் கோட்டையும் பிடித்திருக்கும். நூலக்கா பெட்டியில் இருந்த மற்ற நாற்பது தட்டுகளின் விளக்குக் கோடுகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்திருந்தார். எல்லாம் ஒரே தடிமன். "துணி சுருங்கினா பட்டனும் சேர்ந்து நகரும் சார். இங்க பட்டன் இருந்த இடத்துலயே இருக்கு" என்றார்.

தலைவர் படிவத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தார். பதில் இல்லாதபோது அதிகாரம் பேசும். "அளக்கிறது உங்க வேலை, முடிவு பண்றது எங்க வேலை. ஒண்ணாம் தேதியிலேர்ந்து புதுப் படிவம் அச்சாகி வருது. அதுல குறிப்புக் கட்டம் இருக்காது."

நூலக்காவிடமிருந்து பிடுங்குவதென்றால் நாற்காலியைப் பிடுங்கியிருக்கலாம், திருகைப் பிடுங்கியிருக்கலாம். அந்தக் கட்டத்தைப் போய்ப் பிடுங்குவானேன்?

பக்கத்து மேசையில் இருந்த டாக்டரம்மா குறுக்கிட்டார். "சார், இந்த மாசம் எனக்கு ஒதுக்கின தொலைநோக்கி நேரத்துல அரை மணி நேரம் மிச்சம் இருக்கு. நானூத்திப் பதினேழைத் திரும்ப எடுக்கச் சொல்லிடறேன்."

தொலைநோக்கியில் அரை மணி நேரம் என்றால் சும்மாவா? அதற்காக ஆய்வாளர்கள் ஒருவரோடொருவர் வருஷக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. தலைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. புதுத் தட்டை நானே அளப்பேன். இவங்க சொன்னது சரின்னா கட்டம் இருக்கட்டும். இல்லைன்னா இனிமே எண்ணு மட்டும் எழுதணும், ஒரு எழுத்து கூடாது. சம்மதமா?"

"சம்மதம் சார்" என்றார் நூலக்கா.

ஒன்பது நாள் மலைமேல் ஒரே மேகம். நூலக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக், வாயைக் கிண்டாமல் இருக்கத் தெரியாதவர். "எங்க வேலையில கயிறு மெலிசா இருந்தா ஆளைக் கீழ இறக்கி விட்டுருவோம். நீ என்னடான்னா மெலிசா இருக்குன்னு மேல ஏத்துறே" என்றார். வேறு நாளாக இருந்தால் நூலக்கா பதிலுக்கு நாலு கொடுத்திருப்பார். அன்றைக்குக் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "தப்பாப் பார்த்திருப்பேனோ?" என்று கேட்டார். கணவர் சிரிப்பை நிறுத்தினார். "இருபது வருஷத்துல ஒரு நாளாவது நூலை மாத்திக் கோத்திருக்கியா?" என்றார். யோசித்துப் பார்த்தால் இல்லைதான்.

பத்தாம் நாள் வானம் திறந்தது. பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்குப் பஞ்சு வைத்த மரப்பெட்டியில் புதுத் தட்டு வந்து இறங்கியது.

தலைவர் வந்தார். "கையைக் காட்டுங்க சார்" என்றார் நூலக்கா. "நேரமில்லம்மா" என்று அவர் நுழைந்துவிட்டார். நூலக்கா விடவில்லை, பின்னாலேயே போய்க் கையுறையை நீட்டினார். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மாட்டிக்கொண்டார்.

நாற்காலி நூலக்காவின் உயரத்துக்கு இறக்கியிருந்தது. தலைவரின் முட்டி மேசையில் இடித்தது. அவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். திருகு கிரீச்சென்றது. அவர் எண் சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதினார். நூலக்கா கதவருகே நின்று, ஏற்கெனவே அடுக்கியிருந்த உறைகளை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். கை கழுவாததால் ஒருவரும் உள்ளே வரவில்லை.

தலைவர் ஒரே கோட்டை மூன்று தடவை அளந்தார். பழைய தட்டை எடுத்து வைத்துப் பார்த்தார். பிறகு அதே பெட்டியிலிருந்து வேறொரு சாதாரணத் தட்டை வைத்துப் பார்த்தார். திரும்பவும் புதியதுக்கு வந்தார். கையுறையைக் கழற்றாமலே நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நூலக்கா அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அம்மா, அந்த நூல் அட்டையைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்க."

நூலக்கா அட்டையைக் கொண்டுபோய் அவருடைய இடது கைப்பக்கம் வைத்தார். "ரெண்டு கண்ணையும் திறந்து பாருங்க சார். முதல்ல தலை சுத்தும், அப்புறம் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும்."

தலைவர் இரண்டு கண்ணையும் திறந்தார். ரொம்ப நேரம் ஆயிற்று.

"இது அறுபது இல்லம்மா" என்றார்.

நூலக்கா அட்டையை எடுத்துக்கொள்ளக் கையை நீட்டினார்.

"எண்பது. புதுத் தட்டுல இன்னும் தெளிவா விழுந்திருக்கு, அறுபதைவிட மெலிசு."

வாசலில் நின்றவர்களில் யாரோ கை தட்டினார்கள். டாக்டரம்மா பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து நூலக்காவைக் கட்டிக்கொண்டார். பிறகு கீழே விழுந்த பென்சிலைத் தேடி எடுத்து, அங்கேயே நின்றபடி கணக்குப் போட ஆரம்பித்தார், ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. மேல்பரப்பில் இருபதாயிரம் டிகிரிச் சூடு. குறுக்களவு சூரியனைப் போல முப்பத்தைந்து மடங்கு. எடை இருபத்தைந்து சூரியன். ஒரு நொடிக்குப் பல நூறு கிலோமீட்டர் வேகத்தில் தன் மேல்தோலையே காற்றாக ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. வெளிச்சம்? டாக்டரம்மா இரண்டு தடவை பெருக்கினார். ஒன்றே முக்கால் லட்சம் சூரியன்.

"ஒண்ணே முக்கால் லட்சமா?" என்றார் நூலக்கா. "அப்புறம் ஏன் இவ்ளோ மங்கலாத் தெரியுது?"

"தூரம்க்கா. ஆயிரம் ஒளியாண்டுன்னு எழுதி வச்சிருந்தோம். இப்போ ஆறாயிரத்துக்கு மேல போகுது. நடுவுல தூசி வேற."

"அது சரி. ஊரெல்லாம் தெரியிற மாதிரி எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கா. எட்டத்துல நிக்கிறாளேன்னு சின்னவங்க கூட்டத்துல உட்கார வச்சுட்டாங்க. எவ்வளவு காலம் எரிவா?"

"ரொம்ப நாள் தாங்காது. சூரியன் ஆயிரம் கோடி வருஷம் இருக்கும். இது சில பத்து லட்சம் வருஷத்துல எல்லாத்தையும் எரிச்சுட்டு ஒரேயடியா வெடிச்சிடும்."

"எரியட்டும்" என்றார் நூலக்கா. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைத் துடைக்கத் தோள்பட்டையைத்தான் பயன்படுத்தினார், கையை அல்ல. மாலையில் அவர் வீட்டுக்கு நடந்து போகவில்லை, மிதந்துதான் போனார் என்று கணவர் இன்றைக்கும் சொல்கிறார். அன்றைக்குப் பக்கத்து வீட்டு நாயிடம்கூட எண்பதாம் நம்பர் கதையைச் சொன்னாராம். நாத்தனாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நம்ம நூலு ஜெயிச்சிருச்சு" என்றாராம். மறுமுனையில் நாத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து அழுதாராம்.

புதுப் படிவம் ஒண்ணாம் தேதி அச்சாகி வந்தது. குறிப்புக் கட்டம் இருந்தது. முன்பு கட்டை விரல் அகலம் இருந்தது, இப்போது உள்ளங்கை அகலம். அளவாளர்கள் எல்லோரும் அதை நிரப்ப வேண்டும் என்று கீழே ஒரு வரி வேறு. மற்றவர்கள் நூலக்காவைச் செல்லமாகத் திட்டுகிறார்கள், எழுதுகிறதற்கு என்ன இருக்கிறது என்று. "கண்ணுல பட்டதை எழுதுங்க, காசா பணமா" என்கிறார் அவர்.

நானூற்றுப் பதினேழை வலது அலமாரிக்கு மாற்றும் தாளில் மூன்று கையெழுத்தும் விழுந்த அன்று, மதியம் சாப்பாட்டு நேரம் முடிந்து நூலக்கா கதவைத் திறந்தார். வெளியே தலைவர் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் பக்கவாட்டில் நுழைகிறவர், அன்றைக்கு நடு வாசலில் நின்றார். கைகள் கோட்டுப் பையில் இல்லை. முழங்கை வரை சட்டையை மடித்து விட்டிருந்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் நீட்டினார்.

நூலக்கா உள்ளங்கையைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார். வலது கட்டை விரலைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ரேகையின் நடுவே, சாய்வாக, ஒரு பழைய வெட்டுத் தழும்பு.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம்" என்றார் தலைவர். "நான்தாம்மா அந்தப் பெட்டியில எடுத்து வச்சேன். மங்கலா இருந்துச்சு, சின்னதுன்னு நினைச்சுட்டேன்."

நூலக்கா அந்த விரலை விடவில்லை. ஐந்து வருஷமாக இந்த விரலுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவு எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது.

"சோப்பு போட்டீங்களா சார்?"

"ரெண்டு தடவை போட்டேன்மா."

நூலக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் கைகளை விரல் விரலாகத் துடைத்துவிட்டார். பிறகு உள்ளே போய் நானூற்றுப் பதினேழாம் தட்டை ஓரம் பிடித்து எடுத்து வந்து, அவருடைய இரண்டு உள்ளங்கைகளின் மேலும் வைத்து, வலது அலமாரியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.